ஆறு முனைக் கிரீடம்

மருந்துக்கடைக்காரருக்குத் தெருவில் ‘பவுன் பைத்தியம்’ என்று பேர். நகைப் பைத்தியம் இல்லை, பழைய தங்கக் காசுப் பைத்தியம். அதிலும், பதினோரு வருஷம் மட்டும் நடந்து மூடப்பட்ட ஒரு நாணயச்சாலையின் காசுகள்தான் அவருக்கு உயிர். எந்த வருஷம் எத்தனை காசு அடித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “என் பிறந்த நாளைக் கேளுங்க, திருதிருன்னு முழிப்பார்” என்பாள் மனைவி.

வாய்த்த சம்பந்திக்கும் அதே கிறுக்கு. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, மருந்துக்கடைக்காரர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தன்னிடமிருந்த, அந்த நாணயச்சாலையின் ஒரே எட்டாம் வருஷக் காசைப் பரிசாகக் கொடுத்தார். சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரமே மகள் போன் செய்தாள்.

“அப்பா, அந்தக் காசை நாணயச் சங்கத்துல காட்டினாராம் மாமா. அங்க பரிசோதகர் போலின்னு சொல்லிட்டார். நாலு பேர் சிரிச்சிருக்காங்க. ரெண்டு நாளா மாமா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.”

அவர் உடனே பரிசோதகரைப் போனில் கூப்பிட்டார்.

“எடை சரி, தங்கமும் சரி. ஆனா அந்த நாணயச்சாலைக் காசுல கிரீடத்துக்கு அஞ்சு முனை. இதுல ஆறு. பின்னால எவனோ அடிச்சதுங்க.”

பத்து வருஷம் பெட்டியில் வைத்துக் கொஞ்சியவர், முனையை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போலியை நீட்டியவன் என்ற பேர் வந்தால், அதைச் சுமக்கப்போவது மகள்.

மறுநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பழைய நாணயச்சாலைக்குப் பஸ் ஏறினார். அந்தக் கட்டடம் இப்போது ஆவணக் காப்பகம். வாசலில் இன்னும் ஓட்டை போட்ட இரும்புத் தரைதான். தொழிலாளர்கள் காலை உதறிவிட்டுப் போனால், செருப்பில் ஒட்டிய தங்கத்தூள் அடியில் விழுமாம்.

காப்பாளர் அம்மா எட்டாம் வருஷத்தில் காசு அடித்த அச்சுகளின் பதிவேடுகள் மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். முதலிரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதை வரிவரியாகப் படித்துப் புரட்டினார். திடீரென்று அந்த அம்மாவே, “சார், இங்க பாருங்க” என்றார்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: காசின் முன்பக்க அச்சு விரிசல் விட்டுவிட்டது. அச்சு செதுக்குபவருக்கோ கண் நோய். அவசரத்துக்குப் பக்கத்துப் பொத்தான் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்கி, புது அச்சு செதுக்க வைத்திருக்கிறார்கள். அங்கே அடிக்கும் பட்டாளத்துச் சட்டைப் பொத்தானில் கிரீடத்துக்கு ஆறு முனை. கைப்பழக்கம், காசிலும் ஆறையே வெட்டிவிட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு காசு அடித்த பிறகுதான் மேலாளர் பார்த்து, அச்சை உடைக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் அந்த அச்சின் அரக்குப் பதிவு ஒட்டியிருந்தது.

“மகராசன்! பொத்தான்காரன் என் மானத்தைக் காப்பாத்திட்டான்” என்று அவர் வாய்விட்டே சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அங்கிருந்தே போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் சம்பந்தி காசோடு வந்து சேர்ந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. லென்ஸுக்கடியில் அரக்கையும் காசையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆறு முனை. மூன்றாவது முனை மட்டும் கொஞ்சம் சாய்வு, இரண்டிலுமே.

“சம்பந்தி...” என்று லென்ஸைக் கீழே வைத்தார். “உங்களை என்னென்னவோ நினைச்சுட்டேன். மருமகளையும் நோகடிச்சுட்டேன். அவ என்ன பண்ணுவா பாவம்.”

“நான் மட்டும் என்ன, பத்து வருஷம் எண்ணாம வெச்சிருந்த ஆளு. விடுங்க.”

சம்பந்தி காசை அவரிடம் நீட்டினார். “இது இப்ப ரொம்ப அபூர்வம். உங்ககிட்டயே இருக்கட்டும்.”

மருந்துக்கடைக்காரருக்குக் கை குறுகுறுத்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் சம்பந்தியின் விரல்களை மடக்கி, காசை உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். “கொடுத்தது கொடுத்ததுதான். முதல்ல அந்தப் பரிசோதகருக்குக் காட்டுங்க.”

பஸ்ஸில் வரும்போது மகளின் போன்.

“அப்பா, மாமா செருப்பைக் கழட்டும்போதே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்பா.”

போனைச் சட்டைப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவர், முந்தின ராத்திரி வராத தூக்கம் வந்து, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனார்.