பாதுகாப்பு அதிகாரியின் பளபளப்புத் தோட்டாக்கள்

மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்து வெர்லின் கெஸ்லர் வாயைத் திறந்தால் பாதுகாப்பு தவிர வேறு பேச்சு வராது. துப்பாக்கிச் சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி அல்லவா! பழைய ராணுவத் தோட்டாவோடு யாராவது வந்தால் பிடித்துக்கொள்வார்.

"களிம்பு பிடிச்சிருந்தா காய்ஞ்ச துணியால துடை, போதும். குழி விழுந்திருந்தா ஒதுக்கி வை. அமோனியா கலந்த பாலீஷ் பக்கம் மட்டும் போகாதே. பித்தளை விரிசல் விட்டுரும். மூஞ்சியிலேயே வெடிக்கும்."

இவ்வளவு தெரிந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே மேயப் போனதோ! சனிக்கிழமை மதியம் அந்தப் பதவிக்குத் தேர்தல். எதிர்த்து நிற்பவன் டாரல், மனைவி மார்லீனின் தம்பி. அவன் முன்னால் பச்சை பூத்த தோட்டாவோடு போய் நிற்பதா? மார்லீன் பித்தளை விளக்குக்கு வைத்திருந்த அமோனியா பாலீஷை வெர்லின் எடுத்தார். ஒரு பெட்டித் தோட்டாவையும் அதில் ஊறவைத்துத் தேய்தேய் என்று தேய்த்துத் தங்கமாக்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை சுடுகளத்து மேஜையில் பரப்பியதும் கூட்டம் கூடிவிட்டது.

"எதைப் போட்டுத் துடைச்சீங்க அத்தான்?" என்றான் டாரல்.

"வெறும் துணிதான் மச்சான். பொறுமை வேணும்."

பெருமையாக ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினார். தோட்டாவின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்ததிலும் இருந்தது. அதற்குள் டாரல் நாலைந்தை அள்ளித் தன் துப்பாக்கியில் போட்டுவிட்டான்.

"வேணாம் மச்சான். அது சும்மா பார்வைக்கு."

"ரொம்பத்தான் கஞ்சத்தனம் பண்றீங்க" என்று அவன் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துக் குறிபார்த்தான்.

பதவியா, பயல் கண்ணா? இவனைக் கண்டாலே பல வருஷமாக ஆகாது வெர்லினுக்கு. இருந்தாலும் அந்தக் கன்னத்தைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"சுடாதே. நான் அமோனியா போட்டுத் தேய்ச்சேன். எல்லாம் விரிசல் விட்டிருக்கு."

டாரல் துப்பாக்கிக் குழாயை இலக்குக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுப் பக்கமே நீட்டியபடி தோட்டாக்களை வெளியே எடுத்தான். மானம் போச்சு என்று வெர்லின் கையிலிருந்த அதிகாரிப் பட்டையைக் கழற்றிவிட்டுத் தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் டாரல் அங்கே வந்தான். கையில் ஒரு பெட்டி. உள்ளே அத்தனையும் ஜொலித்தது.

"அத்தான், யார்கிட்டேயும் சொல்லாதீங்க. இதுலயும் விரிசல் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

அவன் போனதும் சங்கத் தலைவர் வந்தார். பிறகு பொருளாளர். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தராக, வண்டிக்குப் பின்னால் பளபளவென்று பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அன்றைக்குக் களத்தில் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை.

மதியம் டாரல் போட்டியிலிருந்து விலகினான். ஓட்டு மொத்தமும் வெர்லினுக்கே விழுந்தது.

"ஊர் முன்னாடி தப்பை ஒத்துக்கிட்ட ஆளுக்கா போட்டாங்க?" என்றாள் மார்லீன்.

"நான் ஒத்துக்கிட்டேன். அவங்க என்கிட்ட மட்டும்தானே ஒத்துக்கிட்டாங்க" என்றார் வெர்லின்.