விசிறியோடு ஒரு பரிசோதனை

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, தன் சொல் கேட்காத ட்ரோன் ஒன்று இல்லை என்று நுஸ்கி அறிவித்தான். தன் ட்ரோனின் பழைய ரிமோட் பழுதானதால், வேறு கம்பனி ரிமோட்டை அதோடு இணைத்திருந்தான். பின்னேரம் எங்கள் கழகத்தின் இறுதிப் போட்டியைப் படம்பிடிக்க வேண்டும்.

"விசிறியக் கழட்டிட்டு மோட்டர ஓட்டிப் பாப்பம், மச்சான்" என்றேன்.

"செட்டையக் கழட்டிட்டா கோழி பறக்குதாண்டு பாக்கிற?"

ரிமோட்டின் குச்சி கீழே இருந்தபோது மோட்டர் ஓடவில்லை; மேலே தள்ளிய பிறகுதான் மெல்ல ஓடத் தொடங்கியது. வேகம் ஏறிவிடாமல் இருக்கக் குச்சியைக் கீழே இழுத்தான். ட்ரோன் சீறிப்போய் முருங்கையில் மோதியது. இரண்டு விசிறிகள் உடைந்தன. மாற்றுவதற்கு ஒரு சோடிதான் இருந்தது.

"குச்சி தலைகீழா வேல செய்யிதுடா" என்றேன்.

"காத்து கூடிப் போச்சி" என்றான்.

ரிமோட்டில் குச்சியின் திசையை மாற்றினான். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உடையாத இரண்டு விசிறிகளையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மோட்டரை ஓட்டினான்.