வெண்மை தெரியாத வயிறு

அடையாற்றிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைத் துப்புரவு செய்யும் பணி முத்தம்மாளுடையது. பிறந்த எலிக்குட்டியின் தோல் மிக மெல்லியது. பால் குடித்திருந்தால் வயிற்றில் வெண்மை தெரியும். 1998ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பிறந்த எட்டுக் குட்டிகளுள் இரண்டில் அவ்வெண்மை இல்லை. தாய்க்குப் பால் போதவில்லையென்று எண்ணிய முத்தம்மாள், அவ்விரண்டையும் எவரிடமும் சொல்லாமல், பால் மிகுந்த வேறொரு தாயின் கூண்டில் விட்டாள்.

மறுநாட் காலையில் அவை இறந்து கிடந்தன.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றாள் ஆய்வாளர் ஜலஜா. மயிலாப்பூரிலிருந்து பேருந்தில் வந்தவள், கைப்பையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"வாய் வெச்சி உறிஞ்சவே இல்ல மேடம். ஆத்தாக்காரிகிட்ட பாலு இல்லன்னு நென்ச்சேன்."

"இருந்துதே. மத்த ஆறும் குடிச்சுதே." ஜலஜாவின் குரல் தணிந்தது. "வயித்துல வளரறச்சயே மூளை நடுவுல சில செல்லெல்லாம் டோபமைன்னு ஒண்ணைச் சுரக்கப் பழகணும். அதுக்கு வழிகாட்டற ஜீன் இதுங்களுக்கு இல்லை. நாங்கதான் எடுத்துட்டோம். அது இல்லேன்னா எந்தத் தாய்கிட்ட விட்டாலும் குடிக்காது."

முத்தம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆத்தா மேல தப்பு இல்லியா?"

"இல்லை."

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பட்டினப்பாக்கத்தில் முத்தம்மாளுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. மார்பில் பால் கட்டி வலித்தது, குழந்தையோ குடிக்கவில்லை. மூன்றாம் நாள் இறந்தது. பாலில்லாத கட்டையென்று மாமியார் தெருவுக்கே சொன்னாள். கணவன் வேறொருத்தியை மணந்துகொண்டான். கேட்டுக் கேட்டு, முத்தம்மாளே அதை நம்பிவிட்டாள்.

இவற்றையெல்லாம் அன்றுதான் ஜலஜாவிடம் கூறினாள்.

"என் புள்ளைக்கும் இதானே மேடம்? மாமியாக் கெய்வி இன்னும் உசுரோட கீது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். படிச்சவ சொன்னா நம்பும்."

ஆமென்று சொல்லிவிட ஜலஜாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால், குழந்தை பால் குடியாமைக்குக் காரணங்கள் பல. அக்குழந்தையை எவரும் பரிசோதித்ததில்லை.

"எனக்குத் தெரியலை, முத்தம்மா. இனிமே யாராலயும் தெரிஞ்சுக்க முடியாது."



"தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான் மேடம்," என்றாள் முத்தம்மாள். "அன்னிக்கு அல்லாருக்கும் தெரிஞ்சிச்சு."

அப்படியே தரையில் அமர்ந்து அழுதாள். ஜலஜாவும் அவளருகில் அமர்ந்தாள். தேற்றுவதற்கு, பொய்யல்லாத சொல் ஒன்றும் அவளிடம் இல்லை.