ஜெனரல் போட்ட கையெழுத்து

போர் நடந்தபோது ஜெனரலின் ஜீப்பை ஓட்டியவன் நான். இதைச் சொன்னால் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் ஒருவரும் நம்புவதில்லை. "ஜெனரலோட டிரைவர் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்கப்பா" என்பார் செயலாளர். பின்னாலிருந்து நாலு பேர் சல்யூட் வேறு அடிப்பார்கள். ஒருநாள், ஜெனரல் தன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அவர் புகைப்படமே இருக்கிறது என்றேன்.

"கொண்டாங்க. அசலா இருந்தா உங்க பேரோட ஹால்ல மாட்டறோம். இல்லேன்னா இந்தக் கதையை இனிமே இங்க விடக்கூடாது" என்றார் செயலாளர்.

ஒப்புக்கொண்டேன்.

படம் அண்ணனிடம் இருந்தது. அவன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். எனக்கு அடிக்கடி மாற்றல் வந்ததால் அவன் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தேன். படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில், நீல மையில் கையெழுத்து.

மறுநாள் போய்ப் பார்த்தால் நீலத்தைக் காணோம். பளபளக்கும் கறுப்பு எனாமல் பெயின்ட், சுற்றி மஞ்சள் கோடு, போதாததற்கு நிழல்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"மங்கிப்போச்சுடா. மங்கின எழுத்தைப் பாத்துட்டு என் கை சும்மா இருக்குமா? அது மேலயே எழுதினேன். ரெண்டாவது எழுத்து மட்டும் குடிகாரன் மாதிரி சாஞ்சு கிடந்துச்சு, நிமித்தி விட்டேன்."

"ஜெனரல் எழுத்தை நீ திருத்தினியா?"

"சண்டை போடத் தெரிஞ்சா எழுதவும் தெரியணுமா?"

அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "இத்தனை வருஷம் தூசு தட்டினது நானு. வந்ததும் வராததுமா எகிறுறாரு பாருங்க உங்க தம்பி!"

"நீங்க சும்மா இருங்க அண்ணி. அண்ணே, நீ கிளம்பு. சங்கத்துல வந்து உன் வாயாலயே சொல்லு."

வேலைக்குப் போகிற வழிதான் என்று பெயின்ட் பையோடு வந்தான். சங்கத்தில் படத்தை மேஜையில் வைத்தேன்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "டிரைவர், இது கையெழுத்தா, கடை போர்டா?"

ஹாலே சிரித்தது. அண்ணனுக்குச் சுருக்கென்றது. "கடை போர்டுன்னா அவ்வளவு கேவலமா? என் கைவேலைதான் சார் அது. அடியில அவரு எழுத்து இருக்கு."

"அண்ணனே ஒத்துக்கிட்டாரு! அடியில இருக்குன்னா அழிச்சுக் காட்டுங்க."

அண்ணன் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "வேணாம்டா. பெயின்ட் கரைக்கிற தின்னர் பட்டா என் எழுத்தும் அவரு எழுத்தும் சேர்ந்தே போயிடும்."

"அழி."

"பைத்தியமா உனக்கு? இப்படியாவது இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படி, உன் எழுத்தாவா? அழின்னா அழி."

அண்ணன் படத்தின் சட்டத்தைக் கழற்றினான். துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தான். நிழல் போனது, மஞ்சள் போனது, கறுப்பு கரைந்தது. ஒரு நொடி, வெளிறிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. நான் பார்த்தேன். செயலாளர் குனிவதற்குள் அதுவும் துணியில் ஏறிவிட்டது.

"ஒண்ணையும் காணோமே, டிரைவர்."

பின்னால் யாரோ சல்யூட் அடித்த செருப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அண்ணனிடம் கையை நீட்டினேன்.

"படம் மேஜையிலதானே இருக்கு."

"துணியைக் குடு."

"அது தொழில் துணிடா, வேலைக்கு வேணும்."

பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.