பின்வாசல் வழக்கம்

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற குப்புராஜ், தன் குலத்தின் வரலாற்றை நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி முடித்திருந்தார். அதில் அவருக்கே மிகவும் பிடித்தது ஏழாவது அத்தியாயம். தங்கள் குலத்தில் புது மருமகள் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவாள். ஏனென்றால் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எதிரிப் படை முன்வாசலில் வந்து நின்றபோது, ஒரு மருமகள் பின்பக்கமாக விளக்கோடு வந்து குலத்தைக் காப்பாற்றினாள். எந்தப் படை என்று அவர் எழுதவில்லை. ஆதாரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன என்று அடியில் ஒரு வரி போட்டிருந்தார்.

மகன் ரஞ்சித்குமாருக்குக் கல்யாணம் நெருங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. தருமபுரியில் கட்டிய புது வீட்டுக்குப் பின்வாசலே இல்லை. சமையலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து மட்டும் இருந்தது.

"சுவத்தை இடிச்சு ஒரு கதவு வெச்சுரலாம். பொண்ணு ஒல்லிதான். ஒருக்களிச்சு வந்துரும்" என்றார் குப்புராஜ்.

"டைல்ஸ் ஒட்டி அஞ்சு மாசந்தாங்க ஆவுது" என்றாள் மனைவி நிர்மலாதேவி. குலமா டைல்ஸா என்று அவர் திருப்பிக் கேட்டதும் அவள் பாத்திரங்களை எடுத்து வைக்கப் போனாள்.

கொத்தனார் வந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்த அன்று, கல்யாண வேலைக்காக அண்ணி காவேரி பொம்மிடியிலிருந்து வந்து இறங்கினாள். அண்ணன் இறந்து ஒன்பது வருஷமாக அவள் அங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறாள்.

"நல்ல சுவத்தை எதுக்கு தம்பி இடிக்கிறீங்க?"

குப்புராஜ் எண்ணூறு வருஷக் கதையைச் சொன்னார். அண்ணி முழுக்கக் கேட்டாள்.

"எந்தப் படையும் எனக்குத் தெரியாது தம்பி. நம்ம பழைய வூட்டுல மொதல்ல பின்னால வந்தவ நான்தான். கல்யாணத்துக்கு முந்தின நாளுதான் மாமா, அதான் உங்கப்பா, முன்னால நடையில சிமெண்டு போட்டிருந்தாங்க. காயல. மிதிச்சா கால் பதிஞ்சிரும்னு மாட்டுக் கொட்டாய் வழியா என்னைச் சுத்திக் கூட்டிட்டு வந்தாங்க. மேளமெல்லாம் முன்னாலயே நின்னுருச்சு. கூறைப் பொடவையில பூரா சாணி. நான் அழுதேன். ஒருத்தரும் பாக்கல."

அந்தக் கல்யாணத்தன்று குப்புராஜுக்கு சேலத்தில் கடைசி வருஷப் பரீட்சை. அவர் ஊரிலேயே இல்லை.

"அப்ப என் கல்யாணத்துக்கு?"

"நான் வந்த வருசம் கெணத்துல தண்ணி ஊறுச்சு. மருமவ பின்னால வந்த ராசின்னு மாமா சொல்ல ஆரம்பிச்சாங்க. நிர்மலா வரும்போது தரை நல்லாக் காஞ்சுதான் கெடந்துச்சு. அவளையும் கொட்டாய் வழியாத்தான் கூட்டிட்டு வந்தாங்க."

"இத்தனை வருசம் ஏன் அண்ணி சொல்லல?"

"ஆரு கேட்டா? பொஸ்தகத்துக்காக எங்கெங்கியோ போயி ஆரையாரையோ பாத்தீங்க. பொம்மிடிக்கு வரலியே."

குப்புராஜ் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். மாட்டுக் கொட்டாயில் தனியாக நின்று அழுத இருபது வயசுப் பெண்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தாள்.

மறுநாள் பங்காளிகள் கூடியபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். எல்லாருக்கும் மூத்தவரான வெங்கடாசலம் துண்டை உதறிப் போட்டார்.

"எண்ணூறு வருசத்துக்கு முன்னால சிமெண்டு ஏதுடா?"

"அதாங்கண்ணா சொல்றேன். எண்ணூறு வருசமே இல்ல."

"அப்ப நீ எழுதினது பொய்யா? அட்டையில எம் போட்டோ போட்டிருக்கே."

மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு வைத்தே ஆக வேண்டும், குலத்தைக் கேலிப் பொருளாக்கக் கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முப்பது வருஷம் கோப்பு எழுதிய கை குப்புராஜுக்கு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சுங்கண்ணா. இப்பத்தான் ஒரு பழைய சுவடி பத்தித் தெரிஞ்சுது. பின்வாசல் பஞ்ச காலத்துக்கு மட்டுந்தானாம். மத்தபடி முன்வாசல்தான் முறையாம்."

வெங்கடாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு பழசு?"

"ஆயிரம் இருக்கும்ங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றபடி அவர் காபித் தம்ளரைக் கையில் எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள்.

கல்யாணம் முடிந்து மணமகள் சுசித்ரா மேளத்தோடு முன்வாசலில் வந்து நின்றாள். ஆரத்தித் தட்டை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. குப்புராஜ் உள்ளே போய், சமையலறையில் ஒதுங்கி நின்ற அண்ணியின் கையில் தட்டைக் கொடுத்து அழைத்து வந்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. புருஷனை இழந்தவள் ஆரத்தி எடுப்பதாவது என்று வெங்கடாசலம் வாயைத் திறப்பதற்குள் குப்புராஜ் அவர் பக்கம் குனிந்தார்.

"அதுவும் சுவடியில இருக்குங்கண்ணா."

வெங்கடாசலம் தலையாட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற சம்பந்தியிடம், இது ஆயிரத்து இருநூறு வருஷமாக நடந்து வருகிற வழக்கம் என்று விளக்கத் தொடங்கினார்.

அண்ணி தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, மருமகள் நெற்றியில் பொட்டு வைத்து, "பாத்து வாம்மா" என்று நகர்ந்து வழிவிட்டாள்.