பாறைக்கு அருகே ஒரு சொல்

எங்கள் தீவில் பாறையை ஒட்டிப் போகும் படகைப் பார்த்து, 'ரோம்ட்' என்று கத்துவோம். அகலமாக இடம் விட்டுப் போ என்று அர்த்தம். தலைநகர் ஒஸ்லோவில் 'ரோம்' என்றால் அறை. அதைத்தான் இங்வில் அறிந்திருந்தாள்.

அவள் எங்கள் பக்கத்து வீட்டு ஓட்வாரின் மகனோடு வாழ வந்தவள். மார்ச் மாதம் ஒரு காலையில், "ஒஸ்லோக்காரி, மீன் தட்டுல மட்டும்தான் இருக்கும்னு நெனச்சியா? வா" என்று ஓட்வார் அவளைத் தன் படகில் கூட்டிப்போனார்.

வலை இழுக்கும் உருளையில் அவர் கையுறை சிக்கியது. கூடவே கையும். இங்வில் பாய்ந்து போய் உருளையை நிறுத்தினாள். இரண்டு விரல்கள் நசுங்கிக் கிடந்தன. ஓட்வார் சுக்கான் அறை வாசலில் சரிந்தார்.

"வலைய வெட்டி விடு. சுக்கானப் பிடி. நேரா பாறைங்களுக்கு நடுவுல போற கால்வாய்க்குள்ள போ."

அவள் அப்படியே செய்தாள். திடீரென்று பனி கொட்டத் தொடங்கியது. கரை மறைந்தது.

"ரோம்ட்!" என்று அலறினார் ஓட்வார். "ரோம்ட்!"

"அறைக்குள்ள படுக்கணுமா? இதோ வர்றேன்!" சுக்கானை விட்டுவிட்டு ஓடிவந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"அடிப்பாவி, சுக்கான விட்டுட்டு எங்க வர்ற? பாறை!"

"நீங்கதானே அறைன்னு சொன்னீங்க!"

"அறையும் இல்ல, மண்ணும் இல்ல! தள்ளிப் போ!"

"எந்தப் பக்கம்?"

அவர் மயங்கியிருந்தார்.

இடது பக்கம் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. வலது பக்கம் கறுப்பு. அவள் ஓடிப்போய்ச் சுக்கானை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினாள். அடியில் எதுவோ நீளமாக உராய்ந்தது. அவள் பாதங்கள் அதிர்ந்தன. பிறகு படகு விடுபட்டது.

ஓட்வார் கண் திறந்தபோது வெளிக்கடலில் இருந்தார்கள்.

"கால்வாய் அந்தப் பக்கம். சுத்திப் போனா என் கை போயிடும்."

"கண்ணு தெரியாம அதுக்குள்ள போனா ரெண்டு பேரும் போயிடுவோம். ரேடியோவுல மீட்புப் படகக் கூப்பிட்டுட்டேன். பேசாம கைய உயர்த்திப் பிடிங்க."

அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவள் திரும்பவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓட்டினாள். பனி மெலிந்தபோது மீட்புப் படகு எதிரே வந்துவிட்டது.

ஒரு விரலைக் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனையில் மகன் வந்ததும் ஓட்வார், "இவ சுக்கான விட்டுட்டு என்னைத் தூக்க வந்தாடா" என்று புகார் சொன்னார்.

"ஆமா, விட்டேன்" என்றாள் இங்வில். "இனிமே பாறைன்னா பாறைன்னே சொல்லுங்க."

ஓட்வார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, சொல்றேன்" என்றார். பிறகு காபி கேட்டார்.