ஆளில்லாத கரை

கத்தரினாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் ஒக்டோபர் மாதத்து அந்தத் திங்கட்கிழமை வந்தது அவளே அதுவரை அறியாத கோபம். முல்லைத்தீவிலிருந்து இருபத்திரண்டு குடும்பங்களும் சட்டி பானையோடு லொறியில் வந்து இறங்கினால், அவர்களுடைய கரையை யாரோ கட்டை நட்டு, நீலக் கயிறு கட்டி அடைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பலகை. "இயற்கைக் கடற்கரை. வாடி, வலை, படகு தடை."

சவேரியார்பாடு என்பது கற்பிட்டிக்குத் தெற்கே, கரைவலை இழுக்கிற அரை மைல் மணல். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் வாடிக் குடிசைகளைப் பிடுங்கிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போய்விடுவார்கள். காற்று அடங்கி ஒக்டோபர் பிறந்ததும் திரும்பி வந்து, ஏப்ரல்வரை இங்கே வலை இழுப்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். வலை கத்தரினாவுடையது. புருஷன் செத்தபின் வலை முதலாளி, சம்மாட்டி என்று பெயர் எடுத்தவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒக்டோபர் முதற்கிழமை முடிவதற்குள் முதல் வலை விழாவிட்டால் அந்த வருடம் பாடு, அதாவது வலை இழுக்கிற இடம், அடுத்தவனுக்குப் போய்விடும். தெற்குப் பக்கத்துச் சம்மாட்டி ஒருவன் அதற்காகவே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். சனிக்கிழமையோடு தவணை முடிகிறது.

"மச்சாள், பொறுங்க. ஆரோ பெரிய இடத்து வேல போல கிடக்கு," என்றான் யாக்கோபு. புருஷனின் தம்பி, வலை இழுக்கிற ஆட்களுக்குத் தலைவன். பொறுமை அவனுக்குப் பிறவிக்குணம், அவளுக்கு அது பிறவிப்பகை.

சுற்றுலா வான் ஓட்டுகிற ஒருவன் தந்துவிட்டுப் போன சின்னப் புத்தகத்தை அவன் நீட்டினான். மட்டையில் "கரையோரத் தரிசனம்: பார்க்கவேண்டிய பன்னிரண்டு இடங்கள்" என்று எழுதியிருந்தது. முதலாவது கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டை. பிறகு தலவில அன்னம்மாள் கோவில், டொல்பின் பாய்கிற கடல், வில்பத்துக் காடு, முன்னேஸ்வரம், களப்பின் கண்டல் மரங்கள், புத்தளத்து உப்பளம். ஒன்பதாவது அவளுடைய பாடு. பெயர்கூட இல்லை. "ஆள் படாத கரை" என்று மட்டும் போட்டிருந்தார்கள். படத்தில் வெள்ளை மணல், நீலத் தண்ணீர், ஒரு குஞ்சு குருமான் இல்லை.

"இருநூறு வருசத்துக்கு முன்னால போன ஒல்லாந்தன்ர பேர் கொட்ட எழுத்தில கிடக்கு. அஞ்சு மாசம் முல்லத்தீவுக்குப் போன எங்கட பேர் இல்ல. நாங்க என்ன பேயளா?" என்று கத்தினாள். யாக்கோபுவின் பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

புத்தகத்தைப் போட்ட சுற்றுலாத் திட்டத்தின் அலுவலகம் கற்பிட்டிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. மேசைக்குப் பின்னால் நபீலா இருந்தாள். கரைத்தீவிலிருந்து கருவாடு வாங்க வருகிற பாறூக்கின் மகள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டு வந்த குடும்பம். புத்தகத்தில் தமிழை எழுதியவள் இவள்தான் என்று தெரிந்ததும் கத்தரினாவுக்கு இரத்தம் தலைக்கேறியது.

"நீயா புள்ள இத எழுதின? உன்ர வாப்பா எங்கட கருவாட்ட வித்துத்தானே உன்னப் படிக்கவெச்சவர்? ஆள் படாத கரையிலருந்தா அவருக்குக் கருவாடு வந்தது?"

நபீலாவின் முகம் வெளுத்தது. "அன்ரி, மெதுவா. சேர் உள்ளுக்கு இருக்கார். படத்தில ஆக்கள் இல்ல. நான் அந்தக் கரைக்குப் போனதும் இல்ல. படத்தப் பாத்துத்தான் எழுதின."

"படம் எடுத்தவன் ஆர்? எந்தக் குருடன் அவனுக்கு வழி காட்டினவன்?"

நபீலா சுவரைக் காட்டினாள். அங்கே அதே படம் கதவளவுக்குப் பெரிதாக ஒட்டியிருந்தது. "அன்ரி, நீங்கதானே கூட்டிப் போனீங்க. தலவில திருநாளுக்கு வந்த நேரம். படம் எடுத்தவர் உங்கட பேரச் சொன்னார்."

கத்தரினா படத்துக்குக் கிட்டப் போனாள். சின்னப் புத்தகத்தில் தெரியாதது இதில் தெரிந்தது. மணல் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாய்க் கோடுகள், விளக்குமாற்றுக் கோடுகள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஆடித் திருநாளுக்கு முல்லைத்தீவிலிருந்து தனியே வந்திருந்தாள். கமராக்காரர்கள் கோவில் வாசலில் நின்று, வடிவான இடம் வேறு எங்கே என்று கேட்டார்கள். எங்கட கரையைவிட வடிவான இடம் உண்டா என்று அவர்களுடைய வான் வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான். படம் எடுக்க முன் பொறுக்கச் சொல்லி, மிஞ்சிக் கிடந்த வாடிக் கம்புகளைப் பிடுங்கித் தாழைக்குப் பின்னால் போட்டு, கிழிந்த வலையைச் சுருட்டி ஒளித்து, பக்கத்து வீட்டில் விளக்குமாறு வாங்கி, முதுகு ஒடிய ஒடியக் கூட்டினாள். ஊரார் பார்க்கிற புத்தகத்தில் தன் வீடு குப்பையாய் இருக்கக்கூடாது என்ற பெருமை. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட கதை.

தன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் அந்தப் பெண்மேலேயே கொட்டினாள். "உன்ர வாப்பா மன்னாரில பூட்டிப்போட்டு வந்த வீட்டுக்கு முன்னால ஒருத்தன் வந்து, ஆளில்லாத வீடு எண்டு பலகை நட்டா உனக்கு எப்பிடியிருக்கும்?"

சொல்லி முடிக்க முன்னமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நபீலா அழவில்லை.

"அப்பிடித்தான் அன்ரி நட்டாங்க," என்றாள். "ரெண்டு கிழமையில திரும்பி வருவம் எண்டு உம்மா வீடு முழுக்கக் கூட்டிப்போட்டுத்தான் பூட்டினவ. இண்டைக்கும் அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவா."

சத்தம் கேட்டு அதிகாரி உள்ளேயிருந்து வந்தார். கொழும்புக்காரர், சிங்களத்தில் பேசினார். நல்ல மனுஷர்போல் சிரித்துக்கொண்டே ஒரு வழியும் சொன்னார். சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் வலை இழுக்கலாம், வருகிறவர்கள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். கடலில் மீன் சனி ஞாயிறு பார்த்தா வரும் என்று கத்தரினா கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் கோப்பைப் புரட்டி நபீலாவைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆட்களே இல்லை என்று எழுதியிருக்கிறதே, அதை யார் சொன்னது?

இதோ நிற்கிறாளே, இவள்தான் காட்டினாள் என்று நபீலா கைநீட்டியிருக்கலாம். நீட்டினால் அவளுடைய வேலைக்குப் பாதுகாப்பு, கத்தரினாவின் வாயும் அடைபடும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதைப் பார்க்கக் கத்தரினாவுக்குத் தாங்கவில்லை.

சிலாபத்தில் பிறந்த கத்தரினாவுக்குச் சிங்களம் தாய்ப்பேச்சைப் போல வரும். ஆனாலும் தமிழில்தான் சொன்னாள். "புள்ள, நான் சொல்லுறத நீயே அவருக்குச் சொல்லு. அந்தக் கரையக் காட்டினது நான். கூட்டினதும் நான். அந்தா படத்தில கோடு கிடக்கு, வந்து பாக்கச் சொல்லு. விட்டுட்டுப் போறவள் வீட்டக் கூட்டமாட்டாள். திரும்பி வாறவள்தான் கூட்டிவெச்சிட்டுப் போவாள்."

நபீலா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். வீடு என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தார். விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

விசாரிக்கட்டும், மீன் காத்திருக்காது. புதன்கிழமை காலை யாக்கோபுவே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். முதல் வலை விழுந்தது, பாடு கைவிட்டுப் போகவில்லை. தடுக்க யாரும் வரவில்லை, பலகையைக் கழற்றவும் யாரும் வரவில்லை. சின்னப் புத்தகத்தோடு வந்த இரண்டு மூன்று பேர் இடம் பிழைத்துவிட்டதோ என்று படத்தையும் கரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரலில் சோளகம் தொடங்கியது. வாடி பிடுங்குகிற நாளில் பெண்கள் வழக்கம்போல விளக்குமாறுகளை எடுத்தார்கள்.

"வையுங்க கீழ," என்றாள் கத்தரினா. "ஒருத்தரும் கூட்டக்கூடாது. கம்பையும் பிடுங்காதீங்க."

மீன் செதிலும் கிழிந்த வலையும் உடைந்த கூடையும் கரை முழுக்கக் கிடந்தன. லொறியில் ஏறி உட்கார்ந்து அதைப் பார்த்தபோது அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருநாளும் அவள் வீட்டை அப்படிப் போட்டுவிட்டுப் போனதில்லை. இறங்கிப்போய் ஒரு தடவை கூட்டிவிடலாமா என்று கை துடித்தது. கோபம் விடவில்லை. லொறியை எடுக்கச் சொன்னாள்.